தண்டையார்பேட்டையில் இருந்துகொண்டு 21 கிலோமீட்டருக்குத் தயாராவது எப்படி?

டோல்கேட் குமாஸ்தா (கேள்வி)

வணக்கம். வயது 41, வீடு தண்டையார்பேட்டை, வேலை பாரிமுனைப் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்சியில். நாள் முழுக்க நாற்காலி, ஷிப்பிங் பில், கஸ்டம்ஸ் போர்ட்டல், இவ்வளவுதான். போன வருஷம் ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு டாக்டர், சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, மாத்திரை வேண்டாம், நடங்கள் என்றார். நடந்தேன். நடை அலுத்துப்போய் ஒருநாள் ஓடிப் பார்த்தேன், அது பிடித்துக்கொண்டது. இப்போது 10 கிலோமீட்டர் நிற்காமல் ஓடுகிறேன். வேகம் பெரிதாக ஒன்றும் இல்லை, கிலோமீட்டருக்கு ஏழரை நிமிஷம் ஆகிறது. ஜனவரியில் நடக்கும் சென்னை மராத்தானில் ஹாஃபுக்கு, அதாவது 21 கிலோமீட்டருக்குப் பெயர் கொடுக்க ஆசை.

சிக்கல் எல்லாம் ஓடுகிற இடத்தில்தான். காலை நாலே முக்காலுக்குக் கிளம்புகிறேன், அதற்குப் பிறகு போனால் ஆபீசுக்கு நேரமாகிவிடும். டி.எச். ரோட்டில் நடைபாதை என்று ஒன்று தொடர்ச்சியாகக் கிடையாது, பத்தடிக்கு ஒரு தள்ளுவண்டி, ஒரு டிரான்ஸ்ஃபார்மர், ஒரு கோயில் படி. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுக்குப் போனால் கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கின்றன. அந்த வரிசை எனக்கு ஆபீசில் பழக்கமான விஷயம்தான், எந்தப் பெட்டி எந்த கேட்டுக்குப் போகிறது என்றுகூடச் சொல்லிவிடுவேன், ஆனால் அதன் ஓரமாக ஓடுவது வேறு கதை. டிரைவர்கள் டிரெய்லருக்கு அடியில் தூளி கட்டித் தூங்குவார்கள், ஒருவர் டயர் ஓரமாக ஸ்டவ் பற்றவைத்து அரிசி களைந்துகொண்டிருப்பார், அவர் கொட்டும் தண்ணீரைத் தாண்டிக் குதித்தால் எதிரே ஒரு வண்டி ரிவர்ஸ் எடுக்கும்.

அதைவிட முக்கியமானது வாடை. சில நாள் ஒன்றும் இல்லை. சில நாள் விடியற்காலையில் கேஸ் கசிந்தது போல ஒரு நாற்றம், தொண்டையில் பிடித்துக்கொள்கிறது. அப்படி ஓடிவிட்டு வந்த நாட்களில் பத்துமணிவரை இருமுகிறேன், பக்கத்து சீட்டு அம்மா கசாயம் கொண்டுவந்து தருகிறார். காலைக் காற்றுதான் உடம்புக்கு நல்லது என்று எல்லாரும் சொல்கிறார்கள். அப்புறம் ஏன் இப்படி?

என் கேள்விகள்: வட சென்னையில் ஓடுகிறவர்கள் நீண்ட ஓட்டத்துக்கு எங்கே போகிறீர்கள்? காலையா, மாலையா? மாஸ்க் போட்டுக்கொண்டு ஓடினால் உதவுமா? அடையாறில் வீடு பார்த்துப் போ என்கிற பதில் வேண்டாம், அதை என் மைத்துனர் வாரம் தவறாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்.


ராயபுரம் பழைய கால்

தம்பி, இருமலுக்குக் காரணம் ஓட்டம் இல்லை, ஓடுகிற நேரம். காலைக் காற்று சுத்தம் என்பது வயலும் தோப்பும் இருக்கிற ஊருக்குச் சரி. நம் பக்கத்தில் காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் ஷூ மாட்ட வேண்டும்.

இரவில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் குளிர்ந்துவிடுகிறது. அதனால் விடியற்காலையில் பெரும்பாலும் காற்று நிலத்திலிருந்து கடலைப் பார்த்துப் போகும், அதாவது மேற்கிலிருந்து கிழக்கே. நமக்கு மேற்கே என்ன இருக்கிறது? கொடுங்கையூர் குப்பைமேடு, அதற்கு வடக்கே மணலியின் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, ரசாயன ஆலைகள். போதாக்குறைக்கு அந்த நேரத்தில் தரையை ஒட்டிய காற்று மேலே இருக்கிற காற்றைவிடக் குளிர்ந்து கிடக்கும். குளிர்ந்த காற்று மேலே எழும்பாது, மேலே இருக்கிற சூடான அடுக்கு சட்டிக்கு மூடி போட்ட மாதிரி அமுக்கிக்கொள்ளும், புகை முழுக்கத் தெரு உயரத்திலேயே தங்கிவிடும். மார்கழி, தையில் இது இன்னும் மோசம். போகியன்று டயர் கொளுத்துகிற காலையில் யாராவது ஓடப் போனால் அவர்களைக் கட்டிப்போட வேண்டும். வெயில் ஏறித் தரை சூடான பிறகுதான் எல்லாம் கலைகிறது.

பகலில் இது தலைகீழாகும். நிலம் சூடானதும் கடற்காற்று உள்ளே வரும். கோடையில் மதியத்துக்கு முன்பே வந்துவிடும், ஆனி ஆடியில் மேல்காற்று பலமாக அடிக்கும் நாட்களில் மூன்று மணிவரை இழுக்கும், சில நாள் வராமலே ஏமாற்றிவிடும். வந்துவிட்டதென்றால் காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் கரையோரம் முழுக்க நாம் மூச்சு வாங்குவது கடலிலிருந்து வரும் காற்றை. புகை மாதவரம், மணலிப் பக்கம் திரும்பிவிடும். மணலிக்காரர்கள் மன்னிக்கவும். நான் பல வருஷமாக வாரநாட்களில் மாலை ஆறு மணிக்குமேல்தான் ஓடுகிறேன். வண்டிப் புகை அப்போது அதிகம்தான், அதனால் பெரிய ரோட்டைத் தொடுவதே இல்லை. சிங்காரத் தோட்டம் மாதிரி உள்தெருக்களில் சுற்றிச் சுற்றி ஓடுவேன். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், இரண்டு வாரத்தில் அவர்களுக்கும் அலுத்துவிடும்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ ஆப்பைப் போனில் போட்டுக்கொள்ளுங்கள். மணலி, மணலி கிராமம், கொடுங்கையூர், ராயபுரம் எல்லா இடத்திலும் அளக்கும் நிலையம் இருக்கிறது. ஆனால் ஒன்று, அது பெரிதாகக் காட்டுகிற அந்த ஒற்றை எண்ணில் தூசிக் கணக்கு கடந்த 24 மணி நேரத்துச் சராசரி. இந்த நிமிஷம் வெளியே என்ன நிலைமை என்பது அதில் தெரியாது. உள்ளே போய் மணிவாரிக் கணக்கில் பிஎம் 2.5ஐ, அதாவது நுண்தூசி அளவைப் பாருங்கள். ஒரு வாரம் பார்த்தாலே உங்கள் பேட்டையில் எந்த மணிக்கு ஏறுகிறது, எந்த மணிக்கு இறங்குகிறது என்று பிடிபட்டுவிடும். நம் நாட்டில் 24 மணி நேரத்துக்கு வைத்திருக்கும் வரம்பு ஒரு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் சொல்வது 15. நான் 60ஐத் தாண்டினால் நீண்ட ஓட்டத்தைத் தள்ளிப்போடுவேன், 100ஐத் தொட்டால் வீட்டுக்குள் ஸ்குவாட், பிளாங்க், அவ்வளவோடு சரி.

இன்னொன்று. நீங்கள் சொன்ன அந்த கேஸ் வாடை இந்த எண்ணில் வராது. அந்த ஒற்றை எண்ணான காற்றுத் தரக் குறியீட்டில் தூசி, கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு, ஓசோன், அமோனியா, கார்பன் மோனாக்சைடு, ஈயம் இவற்றைத்தான் சேர்க்கிறார்கள். அழுகின முட்டை, அழுகின முட்டைக்கோஸ் வாடை அடிக்கிற கந்தகச் சேர்மங்கள் அதில் இல்லை. ஆப்பில் பச்சை காட்டுகிறது, மூக்கில் நாறுகிறது என்றால் மூக்கை நம்புங்கள். மாஸ்க்கும் அப்படித்தான். என்95 தூசியைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. அதை மாட்டிக்கொண்டு நம் ஊர்ப் புழுக்கத்தில் ஓடினால் இரண்டாவது கிலோமீட்டரில் நனைந்து மூக்கோடு ஒட்டிக்கொள்ளும்.

கடைசியாக ஒரு வயிற்றெரிச்சல். நீண்ட ஓட்டத்துக்கு நாமெல்லாம் மெரினாவுக்குத்தான் போகிறோம். அந்த மணல் நமக்கு வந்திருக்க வேண்டியது. இந்தக் கரையில் அலை வருஷத்தில் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டினார்கள், மணல் அதற்குத் தெற்கே தங்கி மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கரை அரித்துக்கொண்டே போனது. அவர்களுக்குக் கிடைத்தது கடற்கரை, நமக்குக் கிடைத்தது அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கல். அந்தக் கல்மேல் யார் ஓட முடியும்?


மணலி மூக்கு

காற்று மாலையில் எங்கள் பக்கம் வந்துவிடுகிறதாம். ரொம்ப நன்றி அண்ணா.

எல்லாரும் ஓட இடம் கேட்கிறீர்கள், சரி. இந்தக் காற்றில் ஓடுவதால் உடம்புக்கு நல்லதா கெட்டதா என்று முதலில் யாராவது சொல்லுங்கள். உட்கார்ந்திருக்கும்போது நிமிஷத்துக்கு ஆறேழு லிட்டர் காற்று உள்ளே போகிறது, ஓடும்போது 50, 60 லிட்டர், அதுவும் வாய் வழியாக, மூக்கு வடிகட்டாமல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் கழிமுகம் முழுக்கப் படிந்தது, படகெல்லாம் கறுப்பு. அதே மாதக் கடைசியில் பெரியகுப்பம் பக்கம் நள்ளிரவில் அமோனியா கசிந்து, ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். எங்கள் அத்தை வீடு அங்கேதான். 61 வயது, மூட்டுவலி, அன்றைக்கு ஓடினார். 2024 அக்டோபரில் திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இதற்கு நடுவில் ‘உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், தினமும் ஓடுங்கள்’ என்று ஒவ்வொரு பேனரிலும் அறிவுரை. புகைபோக்கியைப் பார்த்து யாரும் அறிவுரை சொன்னதாகத் தெரியவில்லை.

நான் ஓடுவதை விட்டாயிற்று. மொட்டைமாடியில் ஸ்கிப்பிங், அதுவும் காற்று அடங்கியிருந்தால்.


எலும்பு நரம்பு (பிசியோதெரபிஸ்ட்)

மணலி நண்பர் கேட்டது நியாயமான கேள்வி, அதற்கு ஆய்வும் இருக்கிறது. 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். பிஎம் 2.5 சராசரி 22 அளவில் இருக்கிற ஊரில் எவ்வளவு நேரம் நடந்தாலும் சைக்கிள் மிதித்தாலும் உடற்பயிற்சியின் லாபம்தான் மேலே நிற்கிறது. 100 இருக்கிற ஊரில் தினம் ஒன்றரை மணி நேரத்துக்குமேல் சைக்கிள் மிதித்தால் லாபத்தைவிட நஷ்டம் அதிகமாகிவிடுகிறது. ராயபுரம் அண்ணன் 100இல் நிறுத்துவது குத்துமதிப்பாகச் சரிதான். ஆனால் அது தூசிக்கு மட்டும் போட்ட கணக்கு, வருஷச் சராசரிக் கணக்கு. வாயுக் கசிவு நடக்கிற இரவுக்கு அது பொருந்தாது, அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொள்வதும் ஊரைவிட்டு நகர்வதும்தான் வழி. ஆஸ்துமா இருப்பவர்கள் இந்த எண்களை நம்பவே வேண்டாம், உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்.

டோல்கேட் நண்பருக்கு: ஓடி முடித்து நாலைந்து மணி நேரம் இருமல் நிற்பது சாதாரணம் இல்லை. ஸ்பைரோமெட்ரி என்று ஒரு ஊதும் பரிசோதனை உண்டு, பத்து நிமிஷ வேலை, ஒருமுறை பார்த்துவிடுங்கள். பெரியவர்களானபிறகு முதல்முறையாக ஆஸ்துமா தெரிய வருவதும் உண்டு.

அப்புறம் அந்த ஏழரை நிமிஷ வேகம். அதைப் பற்றி வெட்கப்பட ஒன்றும் இல்லை, வாரத்தில் பெரும்பாலான ஓட்டம் பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகத்தில்தான் இருக்க வேண்டும். எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலியோடு வருகிறார்கள், கேட்டால் தினமும் முழு வேகத்தில் ஓடியிருப்பார்கள், வாட்ச்சுக்காக. வாரத்துக்கு ஒரு நீண்ட ஓட்டம், அதில் ஒரு கிலோமீட்டர், ஒன்றரை கிலோமீட்டர் கூட்டுங்கள். மூன்று வாரம் கூட்டினால் நாலாவது வாரம் குறையுங்கள். 17, 18 வரை போனால் போதும், மிச்சத்தைப் போட்டியன்று கூட்டம் ஓட வைத்துவிடும். வாரம் இரண்டுமுறை படிக்கட்டில் நின்று குதிகாலை ஏற்றி இறக்கும் பயிற்சி, ஒற்றைக் காலில். மெட்ரோ ஸ்டேஷன் படிக்கட்டே போதும், ஜிம் வேண்டாம்.

தண்ணீர் விஷயத்தில் நம் ஊருக்கு ஒரு தனிக் கவனம் வேண்டும். இங்கே வெயிலைவிடப் புழுக்கம்தான் ஆளை அடிக்கிறது. வியர்வை வழிந்தால் போதாது, உலர வேண்டும், உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம், உலராமல் வழிந்துகொண்டே இருக்கும், உப்பு மட்டும் போகும். 2024 அக்டோபரில் மெரினா விமான சாகச நிகழ்ச்சிக்கு வந்தவர்களில் ஐந்து பேர் இறந்தது நினைவிருக்கும், அவர்கள் யாரும் ஓடக்கூட இல்லை. ஒரு மணி நேரத்துக்குமேல் ஓடினால் வெறும் தண்ணீரையே குடம்குடமாகக் குடிக்காதீர்கள், ரத்தத்தில் சோடியம் இறங்கி மயங்கி விழுந்தவர்கள் உண்டு. உப்புப் போட்ட மோர், நீராகாரம், இல்லையென்றால் ஓ.ஆர்.எஸ். அதிலும் உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி என்று அச்சிட்ட பொடி பாக்கெட்டைக் கேட்டு வாங்கி ஒரு லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். அட்டைப் பெட்டியில் ஆப்பிள் சுவை, ஆரஞ்சு சுவை என்று அதே பெயரில் விற்றுக்கொண்டிருந்த இனிப்புத் தண்ணீருக்கெல்லாம் அந்தப் பெயரைப் போடக்கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லிவிட்டது. சர்க்கரை எல்லையில் நிற்கிற உங்களுக்கு அது முக்கியம்.


பெரம்பூர் அக்கா

மாலை ஆறு மணிக்கு உள்தெருக்களில் சுற்றுங்கள் என்று ராயபுரம் அண்ணன் சொல்வது ஆம்பளைகளுக்கு நல்ல யோசனை. நான் அப்படிச் சுற்றினால் முதல் சுற்றில் ‘யாரையாவது தேடுகிறீங்களாம்மா’, இரண்டாவது சுற்றில் பைக்கில் ஒருவன் கூடவே மெதுவாக வருவான். அதனால் எனக்குக் காலைதான். முரசொலி மாறன் பூங்காவில் நடைபாதையில் சுற்று, அலுத்தால் ஐ.சி.எஃப். குடியிருப்புப் பக்கத்து மரத்தடித் தெருக்கள். பெரம்பூர் கொஞ்சம் உள்ளே தள்ளி இருப்பதால் உங்கள் அளவுக்கு வாடை கிடையாது, கொடுங்கையூரில் குப்பை பற்றிக்கொள்கிற நாட்களைத் தவிர. அங்கே எரிஉலை வரக்கூடாது என்று 2025 மே மாதம் மனிதச் சங்கிலி போட்டோம், நானும் நின்றேன், ஓடுகிற ஷூவோடு.

விடியற்காலையில் எனக்குத் துணை யார் என்றால் துப்புரவுப் பணியாளர்கள்தான். ஐந்து மணிக்குத் தெருவில் விழித்திருக்கிற பெண்கள் அவர்கள் மட்டும். பச்சைச் சட்டையைத் தூரத்தில் பார்த்தாலே எனக்கு அந்தத் தெருவில் நுழையத் தைரியம் வரும். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாரிடம் விட்டதை எதிர்த்து அவர்கள் ரிப்பன் மாளிகை முன்னால் உட்கார்ந்திருந்த நாட்களில் தெருவே வேறு மாதிரி இருந்தது. குப்பை பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள். எனக்கு அந்தத் தெருக்களில் ஆள் இல்லை என்பதுதான் முதலில் உறைத்தது. நள்ளிரவில் போலீஸ் வந்து அவர்களை அள்ளிக்கொண்டு போன செய்தியைப் படித்த காலையில் நான் ஓடவில்லை, மனசு வரவில்லை.

நாய்க்கு: ஓடாதீர்கள், நில்லுங்கள், நடங்கள். பெரும்பாலும் அவை துரத்துவது ஓடுகிற காலைத்தான். உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் முதலில் டெல்லியில் பிடித்து அடைக்கச் சொல்லி, பதினோரு நாளில் மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு, வெறி பிடித்ததையும் கடிக்கிறதையும் தவிர மற்றவற்றைப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. அதனால் உங்கள் தெரு நாய் உங்கள் தெருவில்தான் இருக்கும், அறிமுகம் செய்துகொள்வது நல்லது. கடித்தாலும் பல் கீறினாலும் உடனே ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசி போட ஆரம்பியுங்கள், அரசு மருத்துவமனையில் காசு கிடையாது. மஞ்சள்தூள், சுண்ணாம்பு வைத்தியமெல்லாம் வேண்டாம்.

2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதை அறிவித்தார்கள், உட்கார இடம், குடிதண்ணீர், வழிகாட்டிப் பலகை எல்லாம் உண்டு. சென்னைக்கு எங்கே வைத்தார்கள்? பெசன்ட் நகரில். அங்கே ஏற்கெனவே நடக்கிறவர்கள் போதாதா? மராத்தானும் நேப்பியர் பாலத்தில் கிளம்பித் தெற்கே போகிறது. வடக்கே திரும்பினால் என்ன, ராயபுரம் ரயில் நிலையத்தைப் பார்க்கட்டுமே, 1856இல் கட்டியது, தென்னிந்தியாவின் முதல் நிலையம். வட சென்னை வளர்ச்சித் திட்டத்துக்கு 2023 பட்ஜெட்டில் ஆயிரம் கோடி சொன்னார்கள், அதில் ஒரு 5 கிலோமீட்டர் நடைபாதைக்கு இடம் இல்லாமலா போய்விடும்.


டோல்கேட் குமாஸ்தா

எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாளாக சமீரில் ராயபுரம் கணக்கை மணிவாரியாகப் பார்க்கிறேன், அண்ணன் சொன்னது அப்படியே இருக்கிறது, விடியற்காலையில் ஏறி நிற்கிறது, மதியத்துக்குமேல் இறங்குகிறது. ஊதும் பரிசோதனைக்கும் நேரம் வாங்கிவிட்டேன்.

அக்கா, நீங்கள் சொன்ன தெருவில் ஆள் இருப்பது, இல்லாதது என்ற விஷயம் எனக்குத் தோன்றியதே இல்லை. என் மனைவியையும் ஓடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன், அவள் வரமாட்டேன் என்பதற்குச் சோம்பல்தான் காரணம் என்று இருந்தேன். இன்று கேட்டேன். சோம்பல் இல்லையாம்.

மாலைக்கு மாறிக்கொள்கிறேன், ஆபீஸ் விட்டு வர ஏழாகிவிடும், பரவாயில்லை. ஞாயிறு நீண்ட ஓட்டத்துக்கு மட்டும் மெரினா. மெட்ரோவில் போகிறவர்கள் இருக்கிறீர்களா? பையை எங்கே வைப்பது?

வேறொரு விஷயம், தலைப்புக்குச் சம்பந்தம் இல்லை. அந்த கென்யப் பெண் ரூத் செப்ங்கெடிச் செய்தியைப் படித்ததிலிருந்து மனசு ஒரு மாதிரி இருக்கிறது. 2024 சிகாகோவில் 2 மணி 9 நிமிஷம் 56 வினாடி, பெண்களில் முதன்முதலாக 2:10க்குள் ஓடியவர். அந்த வீடியோவைப் பார்த்துத்தான் நான் முதல்முறை 5 கிலோமீட்டர் ஓடினேன். அடுத்த வருஷமே ஊக்கமருந்து விவகாரத்தில் மூன்று வருஷத் தடை.


காசிமேடு கரை

செப்ங்கெடிச் மாட்டியது ஹைட்ரோகுளோரோதயசைடில். உங்கள் வீட்டில் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருந்தால் அட்டையைத் திருப்பிப் பாருங்கள், பல மாத்திரைகளில் அது கலந்திருக்கும். எங்கள் அம்மா தினம் காலையில் போடுகிறார். அது வேகம் தருகிற மருந்து இல்லை, சிறுநீரைக் கூட்டும், மற்ற மருந்துகளின் தடயத்தை மறைக்கப் பயன்படும் என்பதால் தடைப்பட்டியலில் வைத்திருக்கிறார்கள். 2025 மார்ச்சில் எடுத்த சிறுநீர் மாதிரியில், மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் என்ற எல்லைக்கு 3,800 இருந்தது. வேலைக்காரப் பெண்ணின் மாத்திரையைத் தெரியாமல் சாப்பிட்டுவிட்டேன் என்றார், எடுபடவில்லை. சிகாகோ சாதனை அதற்கு முந்தியது என்பதால் அதை ரத்து செய்யவில்லை. அதை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம், நீங்கள் ஓடிய 5 கிலோமீட்டர் உங்களுடையது.

எனக்கு அதைவிட வருத்தம் ஃபவுஜா சிங்தான். 89 வயதில் லண்டனில் முதல் மராத்தான், 100 வயதில் டொரன்டோவில் முழு மராத்தான். கடைசியில் 2025 ஜூலையில், 114 வயதில், சொந்த ஊரில் ரோட்டைக் கடக்கும்போது கார் இடித்துப் போய்ச் சேர்ந்தார். எக்ஸ்பிரஸ் ரோட்டில் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு ஓடுகிற தம்பிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான். டிரெய்லர் டிரைவருக்கு இடதுபக்கம் பெரிய இடம் கண்ணுக்கே தெரியாது. வண்டி வருகிற திசையைப் பார்த்து, எதிர்ப்பக்கமாக ஓடுங்கள். காதில் எதுவும் வேண்டாம், பளபளக்கிற பட்டை போட்ட பனியன் போடுங்கள்.

ஞாயிறு விஷயம். நாங்கள் ஏழெட்டுப் பேர் போகிறோம், முதல் மெட்ரோ ஐந்து மணிக்கு. புது வண்ணாரப்பேட்டையில் நான் ஏறுவேன், நீங்கள் தண்டையார்பேட்டையில் ஏறுங்கள், கடைசிப் பெட்டி. அரசினர் தோட்டத்தில் இறங்கி வாலாஜா சாலை வழியாக மெதுவாக ஓடினால் அதுவே உடம்பைச் சூடு பண்ணிக்கொள்ளும் ஓட்டம். நேப்பியர் பாலத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரை 3 கிலோமீட்டருக்குமேல் வரும், போய்வந்து போய்வந்து எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். காலையில் அங்கேயும் நிலக்காற்றுதான், ஆனால் மேற்கே மணலி இல்லை, மயிலாப்பூர், திருவல்லிக்கேணிதான். உங்கள் மனைவியையும் அழைத்து வாருங்கள், எங்கள் கூட்டத்தில் மூன்று பெண்கள் இருக்கிறார்கள், அவர்கள் வேகம் எட்டு நிமிஷம், யாரையும் விட்டுவிட்டுப் போகமாட்டார்கள். பெரம்பூர் அக்காவுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், சென்ட்ரலில் ஏறிக்கொள்ளலாம்.

பையெல்லாம் வேண்டாம். சாவி, மெட்ரோ அட்டை, நூறு ரூபாய், மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் சுருட்டி அரைக்கால் சட்டைப் பின்பாக்கெட்டில் வையுங்கள், பணம் நனையாது. நூறு ரூபாய் எதற்கு என்றால் திரும்பி வந்து இட்லி வடகறி சாப்பிட. சர்க்கரை இருக்கிறவர் மூன்று இட்லியோடு நிறுத்திக்கொள்ளலாம்.


மணலி மூக்கு

மணலியிலிருந்து அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. விம்கோ நகர் வரை பைக்கில் வந்துவிடுகிறேன். ஓடுவேன் என்று சொல்லவில்லை, வந்து பார்க்கிறேன். கடைசிப் பெட்டிதானே?